பௌர்ணமியன்று ஒரு லீவு

என் கணவருக்குப் பௌர்ணமி வந்தால் லீவு. எனக்குப் பௌர்ணமி வந்தால் உயிர் போகும். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டு வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

அவருக்கு டவுனில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டூ வீலர் ஒர்க்‌ஷாப். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் தடுப்பு போட்டுவிட்டால் அந்தத் தெருவுக்குள் சைக்கிள்கூட நுழையாது. ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு வீட்டில் கால் நீட்டிப் படுத்துவிடுவார். நானோ ஆசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மேனேஜர். பௌர்ணமிக்கு எல்லா ரூமும் நிரம்பி, மொட்டை மாடியில் பாய் போட்டுக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சுகிறவர்களும் வந்து நிற்பார்கள். எங்கள் ஊரில் இப்படி நிறைய வீடுகள் உண்டு. கடையை மூடுகிறவருக்கும் கடையை விரிக்கிறவளுக்கும் கல்யாணம் செய்துவைத்து, சந்தோஷமாக இருங்கள் என்று அட்சதை போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். நான்காம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் கெஸ்ட் ஹவுஸுக்கு இரண்டு தெரு தள்ளி. மாலையில் நான் போய் அவளைக் கூட்டிவந்துவிடுவேன். ரிசப்ஷன் மேஜைக்கு எதிரே இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இடையில் ஏதாவது சொல்ல வந்தால், போனைக் காதில் வைத்தபடியே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவேன். ஒரு நிமிஷம் இரு என்று அர்த்தம். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நேரம் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தப் பங்குனி மாதம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. முதலாவது, எங்கள் ஓனர் பின்தெருவில் இன்னொரு கட்டடம் கட்டி முடித்துவிட்டு, அதையும் நீயே பார்த்துக்கொள், சாவியை வாங்கிக்கொள் என்றார். சம்பளமும் கூடும், பெயரும் கூடும். இரண்டாவது, பெங்களூரிலிருந்து ஒரு குழு மொத்த கெஸ்ட் ஹவுஸையும் பௌர்ணமியோடு சேர்த்து எடுத்துக்கொண்டது. பெரிய கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். வேலையையும் வீட்டையும் எப்படிச் சமமாக வைத்துக்கொள்வது என்று ஒரு அம்மா அவர்களுக்கு மாடி ஹாலில் வகுப்பு எடுத்தார்.

நான் மூலிகை டீ கொண்டு போனபோது அவர் பலகையில் ஒரு தராசு வரைந்துகொண்டிருந்தார். ஒரு தட்டில் வேலை, ஒரு தட்டில் வாழ்க்கை. எனக்கு அடக்க முடியாத எரிச்சல். தராசு என்றால் எனக்குத் தெரிந்தது காய்கறிக் கடைத் தராசுதான். கத்திரிக்காயைப் போட்டால் மறுபக்கம் எடைக்கல் வைக்க வேண்டும். அந்தக் கல் யார் கையில் இருக்கிறது என்பதை அந்த அம்மா சொல்லவே இல்லை.

சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்து இதை வீட்டில் சொன்னேன். என் கணவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"மொத்த ரூமும் ஒரே பார்ட்டிதானே எடுத்திருக்காங்க? அவங்க ஆளுங்களே எல்லாம் பாத்துக்கறாங்கனு நீதானே சொன்னே? இந்த ஒரு பௌர்ணமி லீவு போட்டுட்டு என்கூட மலை சுத்த வா. போன் இல்லாம."

"பௌர்ணமிக்கு லீவா? சும்மா இருங்க."

"அதுவும் முடியலைனா ஒண்ணு பண்ணு. புது பில்டிங் சாவிய வாங்கிக்கிட்டு அங்கயே ஒரு ரூம்ல குடி போயிடு. நானும் பாப்பாவும் வேணுன்றப்ப புக் பண்ணிட்டு வந்து பாக்கறோம்."

அவர் கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் அமைதியாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சரி என்றேன்.

பௌர்ணமி வெள்ளிக்கிழமை வந்தது. திதி சாயங்காலம்தான் பிறக்கிறது. வெளியூர்க்காரர்கள் திதி பார்த்து சாயங்காலத்துக்கு மேல்தான் வந்து குவிவார்கள், காலையிலேயே கிளம்பினால் கூட்டம் சேர்வதற்குள் சுற்றி முடித்துவிடலாம். இது உள்ளூர்க்காரர் கணக்கு. நாங்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் பெருமை உள்ளவர்கள். வெள்ளிக்குப் பின்னால் சனியும் ஞாயிறும் வருகிறது, ஜனம் திதிக்காகக் காத்திருக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டோம். மலை சுற்றப் போவதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நானும் வருகிறேன் என்று அடம் பிடிப்பாள். பைக்கை கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நிறுத்தி, ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுக்க உள்ளே போனேன். அங்கே தராசு வரைந்த அந்த டீச்சரம்மா ஒரு மூங்கில் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். அன்று குழுவுக்கு மௌன நாள். எல்லோரும் தங்கள் போனைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிடந்த போன்கள் தகர டப்பாவில் மாட்டிய வண்டுகள் மாதிரி உறுமிக்கொண்டிருந்தன.

வாசலிலிருந்து என் கணவர் சொன்னார்: "நீயும் போடு."

அவர் தன்னுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். டீச்சரம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். போட்டேன்.

முதல் ஒரு மணி நேரம் நான் நடக்கவில்லை, தவித்தேன். கை இடுப்புப் பக்கம் போய்ப் போய் வந்தது. மரங்கள் வரிசையாக நிற்கும் பகுதிக்கு வந்ததும்தான் மூச்சு சீரானது. அவர் நுங்கு வாங்கிக் கொடுத்து, தன் கடைக் கதை ஒன்று சொன்னார். யாரோ ஒருவருடைய ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கழற்றிப் பார்த்தால், உள்ளே அணில் கூடு கட்டியிருந்ததாம். குட்டிகள் கண் திறக்கும்வரை வண்டியைக் கேட்காதே என்று கஸ்டமரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் நடுரோட்டில் நின்று சிரித்தேன். இந்த மனிதர் இவ்வளவு பேசுவாரா? சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். "போன் இல்லாமலும் உலகம் ஓடுது பாத்தியா?" என்றார்.

ஆனால் கூட்டம் கூடிக்கொண்டே வந்தது. மலைக்குப் பின்னால் இருக்கும் அடி அண்ணாமலையை எட்டும்போது பாதை நிறைய ஜனம். அங்குள்ள கோயில் வாசல் தாண்டிப் பூக்கூடை வைத்திருக்கும் பெண் எனக்குத் தெரிந்தவள். அவள் பெண்ணும் என் மகளும் ஒரே வகுப்பு. அந்தப் பெண், பள்ளிச் சீருடையோடு, அம்மாவின் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, ஸ்கூலுக்குப் போகலையா?"

"ஸ்கூல் விட்டுட்டாங்க ஆன்ட்டி. கூட்டம் ஜாஸ்தியாம். இன்னிக்கு அரை நாள்தான்."

அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "காலையிலயே மெசேஜ் வந்துச்சேக்கா, நீங்க பாக்கலையா? இவள வேன்ல கொண்டாந்து விட்டுட்டுப் போய் ரொம்ப நேரம் ஆச்சு."

"எங்க பாப்பா?"

ஐஸ் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பெண் சொன்னாள்: "கேட் கிட்ட நின்னுட்டு இருந்தா. எங்கம்மா வருவாங்கனு சொன்னா."

பள்ளிக்கூடத்தில் இருப்பது என் நம்பர் மட்டும்தான். கிரீஸ் கையோடு இருக்கிறவர் போனை எடுக்க மாட்டார் என்று நான்தான் அப்படிக் கொடுத்திருந்தேன். அந்தப் போன் இப்போது பேசாத ஆட்களின் போன்களோடு ஒரு கூடையில் கிடக்கிறது.

பூக்காரப் பெண் தன் போனைக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போட்டோம், என் நம்பருக்குப் போட்டோம், கெஸ்ட் ஹவுஸ் நம்பருக்குப் போட்டோம். பௌர்ணமிக் கூட்டம் சேர்ந்துவிட்டால் எங்கள் ஊரில் எந்தப் போனும் சீக்கிரம் கிடைக்காது. திரும்பத் திரும்ப அதே டூட் டூட் சத்தம். ஆட்டோ எதையும் உள்ளே விடவில்லை. நான் வந்த வழியே திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"சுத்த ஆரம்பிச்சுட்டு பாதியில திரும்பக் கூடாதும்மா."

"புள்ள எங்கனே தெரியல, உங்களுக்கு வலம் பெருசா போச்சா?"

"அதுக்குச் சொல்லல. வீட்டு சாவி பக்கத்து வீட்ல இருக்கறது அவளுக்குத் தெரியும். நீ கேட்லயும் கெஸ்ட் ஹவுஸ்லயும் இல்லைனதும் வீட்டுக்குக் கிளம்பியிருந்தா? இந்தக் கூட்டத்துல டவுனைத் தாண்டி அவ எப்படிப் போவா?"

எங்கள் வீடு மலைக்கு அந்தப் பக்கம், டவுனின் வடக்கு முனையில். பள்ளிக்கூடம் இந்தப் பக்கம். நாங்கள் இரண்டுக்கும் நடுவில், மலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தோம். எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய ஒரே தூரம்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தானே போனை அதுல போட்டேன்?" என்றேன். பக்கத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பத்து வருஷமா என் கையில இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. இன்னிக்கு ஒரு நாள் விட்டேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "சண்டைய அப்புறம் போட்டுக்கலாம். நீ ஸ்கூல் பக்கம் போ. நான் முன்னால போயி வீட்டைப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் கிரிவலப் பாதையில் ஓடுவதைப் பார்த்து ஜனம் வழிவிட்டது.

எனக்கு யாரும் வழிவிடவில்லை. அத்தனை ஜனமும் ஒரு திசையில் வந்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் எதிரே போனேன். "எதிர்ல வரக் கூடாதும்மா", "தாயே, இந்தப் பக்கம்", "படிச்சவங்களா இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா" என்று ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். விசில் ஊதிய போலீஸ்காரரிடம், "என் பொண்ண காணோம்னு தேடறேன், ஊதறதுனா ஊதிக்கோங்க" என்று கத்திவிட்டு நகர்ந்தேன். தண்ணீர் லாரி நனைத்துவிட்டுப் போன இடம் தவிர மற்ற இடமெல்லாம் தார் கொதித்தது. செருப்பு பைக் பெட்டியில் இருந்தது.

அவளுக்கு நாய் என்றால் பயம். செங்கம் ரோட்டில் பஸ் வந்தால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். யாராவது, அம்மாவிடம் கூட்டிப் போகிறேன் வா என்று சொன்னால் நம்பிவிடுவாளா? இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே நடந்தேன். டீச்சரம்மா மேல் கோபம், தராசு மேல் கோபம், பள்ளிக்கூடத்தின் மேல், ஓனர் மேல், ஓடிப்போனவர் மேல் கோபம். என் மேல் கோபப்பட மட்டும் அந்தக் கூட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.

மரத்தடியில் உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர் என்னைப் பார்த்து, எல்லாம் நல்லதுக்குத்தான் என்றார். போன் இருக்கிறதா சாமி என்று கேட்டேன். இருந்தது. சார்ஜ் இல்லை.

கடைசியில் ஒரு மோர்ப் பந்தலில் நின்றுகொண்டிருந்த தெலுங்குக் குடும்பம் ஒன்றைப் பிடித்தேன். நான் சொன்ன தமிழ் அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, என் முகம் புரிந்திருக்க வேண்டும். கணவரிடமிருந்து போனைப் பிடுங்கி என் கையில் வைத்தாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டே நம்பர்தான். கெஸ்ட் ஹவுஸ் நம்பர் கிடைக்கவில்லை. என் நம்பரை அழுத்தினேன். மௌன நாளில் அதை யார் எடுக்கப் போகிறார்கள்?

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம், சொல்லுங்க."

என் குரல் மாதிரியே இருந்தது. அதே இழுப்பு. ஆனால் என் மகள்.

பாப்பா என்று கூப்பிடப் போனேன். வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது.

"மேனேஜர் மேடம் இன்னிக்கு லீவு. சும்மா சும்மா போன் பண்ணித் தொந்தரவு பண்ணாதீங்க. வச்சுடட்டுங்களா?"

வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், லைன் கிடைக்கவில்லை. நான் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. தெலுங்குப் பெண் என் முதுகைத் தடவிக்கொண்டே ஒரு டம்ளர் மோரை வாயருகில் நீட்டினாள். இருக்கிறாள். போன் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறாள். கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு மிச்ச தூரத்தையும் கூட்டத்துக்கு எதிராகவே நடந்தேன்.

கெஸ்ட் ஹவுஸில் கீழே யாரும் இல்லை. ஆட்களெல்லாம் மாடியில் மௌனக்காரர்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ரிசப்ஷனில் என் நாற்காலியில் என் மகள். கால் தரைக்கு எட்டவில்லை. முன்னால் போன் கூடை, பக்கத்தில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். கெஸ்ட் ஹவுஸ் போனைக் காதில் வைத்து யாருக்கோ, "ரூம் எல்லாம் ஃபுல் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்க மேஜை முன்னால் வந்து நின்றதும், நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

நான் அப்படியே நின்றேன். அவள் பேசி முடிக்கும்வரை நின்றேன். அந்தப் பக்கம் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

போனை வைத்ததும் அள்ளிக்கொண்டேன். அவள் வேர்வை நாற்றம் அடிக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேட்டில் ரொம்ப நேரம் நின்றாளாம். அம்மா எப்பவும் கெஸ்ட் ஹவுஸில்தானே இருப்பாங்க என்று சொல்லி ஸ்கூல் வாட்ச்மேனே ரோட்டைத் தாண்டி விட்டாராம். இங்கே வந்தால் என்னைக் காணோம். சமையல்கார அக்கா, அம்மா இன்னிக்கு லீவு என்று சொன்னாராம். வெள்ளைச் சட்டை மாமா ஒருவர் பேசாமலேயே பிஸ்கட் கொடுத்தாராம்.

"லீவுனு தெரிஞ்சுதுல்ல, அப்புறம் ஏன் இங்கயே உக்காந்திருந்தே? பயமா இல்லையா?"

"லீவு போட்டாலும் நீ இங்கதான் வருவேனு தெரியும்மா."

சர்வ சாதாரணமாகச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொன்னாள். நானும் அங்கேதானே வந்து நின்றேன்? வலித்தது. பாதத்தைவிட அதிகமாக வலித்தது.

அவருக்குச் சொல்ல வழியில்லை. வீட்டில் கிடந்த அவர் போனுக்குத் திரும்பத் திரும்பப் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. வெயில் சாயும்வரை இருவரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். வீட்டில் தேடி, டவுனில் தேடி, கோபுர வாசல் போலீஸ் பூத்தில் சொல்லி, கூட்டத்தோடு கூட்டமாகச் சுற்றி முடித்து அவர் வந்து சேர்ந்தபோது சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. படியில் அவளைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அவர் காலில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூடையில் என் போன் அடித்தது. அவள் ஓடிப் போய் எடுத்துவந்து நீட்டினாள். ஓனர். என் கை தானாகவே எழுந்தது. இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"நீயே பேசு. உனக்குத்தான் நல்லா வருது" என்றேன்.

"வணக்கம் சார். அம்மா இன்னிக்கு லீவு." கொஞ்ச நேரம் கேட்டாள். போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "புது பில்டிங் சாவி வாங்கிக்க நாளைக்கு வருவியானு கேக்கறாரு."

என் கணவர் துண்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"சாவி வேணாம்னு சொல்லு. நாளைக்கு அரை நாள்தான் வருவேன்னும் சொல்லு."

அவள் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். எதிர்முனையில் ஓனர் ஏதோ நீளமாகப் பேசினார். அவருக்குத் தெரியவா போகிறது, அவள் அவருக்கும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம், என்னைக் கேட்காமலேயே, "பௌர்ணமினா அம்மாக்கு முழு நாள் லீவு சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.